பாதிப் பதக்கம்

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. மழைக்காலம் வந்தாலே அவளுக்கு இழுப்பு வந்துவிடும். பகலெல்லாம் நன்றாக ஓடியாடிக்கொண்டிருப்பாள். ராத்திரி ஒரு மணிக்கு மேல் நெஞ்சுக்கூட்டுக்குள் விசில் மாதிரி ஒரு சத்தம் கேட்கத் தொடங்கும். நெபுலைசரை எடுத்து, மருந்தை ஊற்றி, மாஸ்க்கை அவள் முகத்தில் பொருத்தி, மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். மெஷின் நின்ற பிறகும் அவளைப் படுக்கவைக்க முடியாது. படுத்தால் மறுபடி இருமல் பிடித்துக்கொள்ளும். தோளில் சாய்த்தபடியே விடியும்வரை இருக்க வேண்டியதுதான்.

அப்படி ஒரு ராத்திரியில், தூக்கம் வராமல் இருக்க ஒரு காதில் மட்டும் இயர்போனை மாட்டிக்கொண்டு போனில் எதையோ ஓடவிட்டேன். இன்னொரு காது அவள் மூச்சுக்கு. விவால்டி என்ற பழைய இத்தாலிய இசையமைப்பாளரின் ‘நான்கு பருவங்கள்’ ஓடிக்கொண்டிருந்தது. அது விவால்டி என்பதுகூட அப்போது என் கவனத்தில் இல்லை. திடீரென்று ஒரு வயலின், தாலாட்டு மாதிரி நிதானமாக, பாட ஆரம்பித்தது. அதற்குக் கீழே மற்ற வயலின்கள் எல்லாம் வில்லை விட்டுவிட்டு விரலால் நரம்பைச் சுண்டிக்கொண்டிருந்தன. டக் டக் டக் டக் என்று ஓட்டிலிருந்து சொட்டுகிற மாதிரி. வெளியே நிஜமாகவே மழை பெய்துகொண்டிருந்தது. இரண்டே நிமிடம். முடிந்துவிட்டது. நான் மறுபடி போட்டேன். மறுபடியும். விடியும்வரை அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அது ‘குளிர்காலம்’ கன்செர்ட்டோவின் இரண்டாம் பகுதி. கன்செர்ட்டோ என்றால் ஒரு தனி வாத்தியமும் குழுவும் மாறி மாறி வாசிக்கிற இசை. இசைத்தாளில் மொத்தமே 18 பார், அதாவது 18 தாளக் கட்டங்கள்தான். நான்கு பருவங்களுக்கும் ஆளுக்கொரு கவிதை உண்டு. எந்த வரிக்கு எந்த இசை என்று அச்சிலேயே குறித்திருக்கிறார்கள். இந்தப் பகுதிக்கான வரி சொல்வது, வெளியே மழை ஊரையே நனைத்துக்கொண்டிருக்கும்போது உள்ளே கணப்புப் பக்கத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பதைப் பற்றி. இதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. அந்த ராத்திரி அப்படித்தான் இருந்தது என்பது மட்டும் தெரியும்.

அதற்கப்புறம்தான் இந்த மனிதரைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கத் தொடங்கிய சில நாட்களிலேயே ஒரு கடிதம் கண்ணில் பட்டது. 1737 நவம்பர் 16 அன்று குவீதோ பெந்திவோல்யோ என்ற பிரபுவுக்கு விவால்டி எழுதியது. நான் பாதிரியார்தான், ஆனால் 25 வருடமாகப் பூசை வைப்பதில்லை, காரணம் பிறந்ததிலிருந்தே என்னை வாட்டும் ஒரு நோய், நெஞ்சு இறுக்கம் என்கிறார். மூன்று முறை பூசையை முடிக்க முடியாமல் பாதியிலேயே பீடத்தை விட்டு இறங்க நேர்ந்தது என்கிறார். நடக்க முடியாது, கொண்டோலா படகிலோ வண்டியிலோதான் போவேன், பயணம் என்றால் உதவிக்கு நாலைந்து பேர் கூட வர வேண்டும் என்கிறார்.

இந்தக் கடிதத்தை நம்பாதவர்கள் உண்டு. பூசை வைக்க முடியாதவர் எப்படி ஊர் ஊராகப் போய் நாடகம் நடத்தினார், வயலினை அப்படி வாசித்தார் என்று கேட்கிறார்கள். பூசைக்கு நடுவில் ஒரு மெட்டு தோன்றி, அதை எழுதி வைக்க ஓடினார் என்று ஒரு கதையும் உண்டு. நான் கடிதத்தை நம்புகிறேன். இழுப்பு உள்ளவர்களோடு வாழ்ந்தவர்களுக்கு இது புரியும். காலையில் ஓடியவள் ராத்திரி மூச்சுக்குத் திணறுவாள். மாடிப்படி ஏற முடியாத அன்றைக்கே உட்கார்ந்து நாலு மணி நேரம் படம் வரைவாள். தூபப் புகை சூழ்ந்த பீடத்தில் நின்று உரக்க ஓத வேண்டிய ஒருவருக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டால் இறங்கத்தான் வேண்டும்.

அவர் பிறந்த அன்றே இது தொடங்கிவிட்டது. 1678 மார்ச் 4, வெனிஸ். பிழைக்காது என்ற பயத்தில் மருத்துவச்சியே வீட்டில் அவசரமாக ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறாள். முறையான சடங்கு இரண்டு மாதம் கழித்து, மே 6ஆம் தேதிதான் கோயிலில் நடந்தது. அப்பா ஜொவான்னி பத்தீஸ்தா முடிதிருத்துபவராக இருந்து வயலின் கலைஞரானவர். 1685இல் புனித மார்க் பேராலயத்தின் வாத்தியக் குழுவில் வேலைக்குச் சேர்ந்தபோது அவர் பெயரை ‘ரோஸ்ஸி’ என்று எழுதியிருக்கிறார்கள். சிவப்பு என்று அர்த்தம். முடியின் நிறம். அதே முடி மகனுக்கும் வந்தது. 1703இல் குருப்பட்டம் பெற்ற பிறகு ஊரே அவரை ‘செந்தலைப் பாதிரியார்’ என்றுதான் கூப்பிட்டது.

அதே 1703, செப்டம்பர். 25 வயதில் அவருக்கு ஒரு வேலை கிடைத்தது. ‘ஓஸ்பெதாலே தெல்லா பியெத்தா’ என்ற அனாதைக் குழந்தைகள் இல்லத்தில் வயலின் ஆசிரியர். சம்பளம் வருடத்துக்கு 60 டுக்காட். இங்கேதான் நான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். விவால்டியைப் பற்றிப் படித்ததில் என்னை விட்டுப் போகாதது இந்த இடம்தான்.

பியெத்தா 1346இல் தொடங்கப்பட்டது. அதன் சுவரில் மாடம் போல ஒரு பொந்து. வளர்க்க முடியாத குழந்தையை, அல்லது வெளியே காட்ட முடியாத குழந்தையை, அதற்குள் வைத்துவிட்டுப் போய்விடலாம். யார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் வசதி இருந்தும் பிள்ளையை இங்கே விட்டுப் போகிறவர்களுக்குச் சாபமும் மதவிலக்கும் வரும் என்று 1548ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று எச்சரிக்கிறது. இன்றும் அது சுவரில் இருக்கிறது.

குழந்தையை விட்டுப் போகிற தாய்மார்களில் சிலர் கூடவே ஏதாவது ஒரு அடையாளத்தை வைத்துவிட்டுப் போவார்கள். பெரும்பாலும் பாதியாக வெட்டிய ஒரு பதக்கம். இல்லையென்றால் பாதியாகக் கிழித்த ஒரு சாமி படம். ஒரு பாதி குழந்தையின் துணியில் இருக்கும். மறு பாதி தாயிடம். என்றாவது நல்ல காலம் வந்து தேடி வந்தால், இரண்டு பாதியையும் சேர்த்து வைத்துப் பார்த்து, இது என் பிள்ளைதான் என்று நிரூபிக்கலாம். அந்தப் பாதிப் பதக்கங்களில் சில இன்றும் வெனிஸில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. நான் நேரில் பார்த்ததில்லை, படத்தில்தான் பார்த்தேன். வெட்டிய விளிம்பு நேராக இருப்பதில்லை. சரியாக அதன் ஜோடி மட்டுமே பொருந்தும்படி கோணல்மாணலாக வெட்டியிருக்கிறார்கள். கத்தரிக்கோலைப் பிடித்திருந்த அந்தக் கையை நினைக்காமல் அதைப் பார்க்க முடியவில்லை.

அங்கே வளர்ந்த பெண்களில் பலர் துணி துவைத்தார்கள், லேஸ் பின்னினார்கள், பஞ்சு நூற்றார்கள். குரலோ விரலோ நன்றாக இருந்த சில டஜன் பேர் மட்டும் இசைக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அதனால் வாத்தியமே பெயராயிற்று. வயலின் ஆன்னா மரியா. ஓபோ பெல்லெக்ரீனா. நாம் மாண்டலின் ஸ்ரீனிவாஸ் என்று சொல்வதில் ஒரு பெருமை இருக்கிறது. இவர்களுக்கோ வாத்தியத்தை எடுத்துவிட்டால் மிச்சம் ஒரு ஞானஸ்நானப் பெயர் மட்டும்தான்.

கோயிலில் மேலே ஒரு மாடத்தில், இரும்புக் கம்பி வலைக்குப் பின்னால் நின்று இவர்கள் வாசித்தார்கள். கீழே ஐரோப்பாவின் இளவரசர்களும் வியாபாரிகளும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆள் தெரியாது, நாதம் மட்டும் இறங்கி வரும். சேர்ந்து பாடும்போது கட்டைக் குரல் பகுதிகளைக்கூடப் பெண்களே பாடினார்கள். 1739இல் வெனிஸ் வந்த பிரெஞ்சுக்காரர் ஷார்ல் த ப்ரோஸ், எவ்வளவு பெரிய வாத்தியமானாலும் இந்தப் பெண்கள் பயப்படுவதில்லை என்று எழுதி வைத்திருக்கிறார். கல்யாணமாகி வெளியே போகிறவள் இனி பொது இடத்தில் வாசிக்கமாட்டேன் என்று உறுதி கொடுக்க வேண்டும். அந்த இசை அந்தக் கம்பி வலையோடு முடிந்துவிட வேண்டும்.

விவால்டியின் பெரும்பகுதி வாழ்க்கை இந்த இல்லத்தோடு, ஒட்டியும் வெட்டியும், போனது. வேலையைத் தொடரலாமா என்று நிர்வாகக் குழு ஓட்டுப் போடும். 1709இல் 7க்கு 6 என்ற கணக்கில் அவரை நீக்கிவிட்டார்கள். 1711இல் அதே குழு ஒருமனதாகத் திரும்ப அழைத்தது. 1723இல் இன்னொரு ஒப்பந்தம்: மாதம் இரண்டு கன்செர்ட்டோ எழுதிக் கொடுக்க வேண்டும், ஒன்றுக்கு ஒரு தங்கக் காசு, ஊரில் இருக்கும்போது தானே வந்து மூன்று நான்கு முறை ஒத்திகை பார்க்க வேண்டும்.

விவால்டி ஒரே கன்செர்ட்டோவை 500 தடவை எழுதினார் என்று ஒரு கிண்டல் இசை உலகில் பிரபலம். எனக்கு அதைக் கேட்டாலே வருத்தமாக இருக்கும். எல்லாம் பியெத்தாவுக்காக எழுதியவை அல்ல, உண்மைதான். ஆனால் அந்தக் குவியலைப் பார்த்தால் ஒரு வாத்தியாரின் கை தெரிகிறது. பசூன் என்ற தடித்த குரல் குழலுக்கு, அந்தக் காலத்தில் யாரும் தனியாக முன்னால் நிறுத்தாத வாத்தியத்துக்கு, 39 கன்செர்ட்டோ. அதில் இரண்டு மட்டும் முடியாமல் நிற்கின்றன. செல்லோவுக்கு இருபத்துச் சொச்சம். மாண்டலினுக்கு, சின்னப் புல்லாங்குழலுக்கு, சிதார் போலக் கூடுதல் நரம்புகள் ஒலிக்கும் வியோலா தாமோரேவுக்கு. பூட்டிய வீட்டுக்குள் இருக்கிற பெண்களில் யாருக்கு எது நன்றாக வருகிறதோ, அதை அவள் முன்னால் நின்று வாசிப்பதற்கு ஒரு இடம் செய்து கொடுக்கிற மாதிரி.

அவர் நிலைநிறுத்திய அமைப்பே அதற்குத் தோதானது. எல்லோரும் சேர்ந்து பல்லவி மாதிரி ஒரு பகுதியை வாசிப்பார்கள். அது கேட்டவுடன் மனதில் பதிகிற மாதிரி அழுத்தமாக இருக்கும். அப்புறம் கூட்டம் ஒதுங்கிக்கொள்ளும், ஒருத்தி மட்டும் தனியாகப் போவாள். எவ்வளவு தூரம் போனாலும் பல்லவி வந்து அவளைத் தாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் வேறு ஒரு சுருதியிலிருந்து வரும், கடைசியில் ஆரம்பித்த இடத்துக்கே வீடு திரும்பும். வேகம், நிதானம், வேகம் என்று மூன்று பகுதிகள். இதை அவர்தான் முதலில் கண்டுபிடித்தார் என்று சொல்லக் கூடாது. தொரெல்லி போன்ற மூத்த இசையமைப்பாளர்கள் முன்னால் நடந்திருக்கிறார்கள். ஆனால் ஐரோப்பா முழுக்க இதுதான் கன்செர்ட்டோ என்று ஆனது விவால்டியால்தான்.

ஆன்னா மரியாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1696 வாக்கில் பிறந்து, கைக்குழந்தையாக பியெத்தாவுக்கு வந்தவள். வயலினோடு செல்லோ, லூட், மாண்டலின், பியானோவுக்கு முந்தைய ஹார்ப்சிகார்ட் எல்லாம் வாசித்தாள். அவளுக்கென்றே விவால்டி ஏகப்பட்ட கன்செர்ட்டோக்கள் எழுதினார். பிறகு அவளே அங்கே ஆசிரியை ஆனாள். 1782இல், 86 வயதில் இறந்தாள். அவளுக்கு எழுதியவற்றை வாசிக்க இன்றைய கலைஞர்களே மெனக்கெட வேண்டியிருக்கிறது. வெளியே ஒரு மேடையில் அவள் நின்றிருந்தால் ஐரோப்பாவின் பெரிய பெயர்களோடு சேர்த்து அவள் பெயரையும் சொல்லியிருப்பார்கள் என்று நான் நம்புகிறேன்.

1716இல் ‘யூதித்தாவின் வெற்றி’ என்ற பெரிய சமய இசை நாடகம் பியெத்தாவில் நடந்தது. கோர்ஃபு தீவில் துருக்கியரை வெனிஸ் வென்றதைக் கொண்டாட எழுதியது. தளபதி ஹோலோபெர்னெஸ் உட்பட எல்லா வேடமும் பெண்களே. பாடியவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும்: கத்தெரீனா, அப்பொல்லோனியா, பார்பரா, ஜூலியா, சில்வியா. அவ்வளவுதான் பெயர்.

இதற்கிடையில் வெளியுலகத்தில் அவர் பெயர் பரவிவிட்டது. 1711இல் ஆம்ஸ்டர்டாமில் ‘லெஸ்ட்ரோ ஆர்மோனிக்கோ’ என்ற தலைப்பில் அவருடைய 12 கன்செர்ட்டோக்கள் அச்சாகின. அவை ஜெர்மனிக்குப் போய், வைமார் நகரில் அரண்மனை ஆர்கன் கலைஞராக இருந்த ஒரு இளைஞரின் கையில் கிடைத்தன. பின்னாளில் மேற்கத்திய இசையின் பெரிய பெயர்களில் ஒன்றான யோஹான் செபாஸ்டியன் பாக். அதிலிருந்து ஆறு கன்செர்ட்டோக்களை அவர் ஆர்கனுக்கும் ஹார்ப்சிகார்டுக்கும் மாற்றி எழுதினார். நான்கு வயலினுக்கானதை நான்கு ஹார்ப்சிகார்டுக்கு ஆக்கியது மிகவும் பின்னால். ஒரு வடிவத்தை உள்ளே இறங்கிக் கற்றுக்கொள்ள அதைத் தன் கையாலேயே எழுதிப் பார்ப்பதைவிட வேறு வழி உண்டா?

‘நான்கு பருவங்கள்’ 1725இல் அச்சானது, அதுவும் ஆம்ஸ்டர்டாமில்தான். எல்லோரும் ‘வசந்தம்’ முதல் பகுதியைத்தான் அறிவார்கள். நான் கேட்கச் சொல்வது அதன் இரண்டாம் பகுதியை. ஆடு மேய்ப்பவன் புல்வெளியில் தூங்குகிறான். அது தனி வயலின். இலைகள் சலசலக்கின்றன, அது மற்ற வயலின்கள். பக்கத்தில் அவனுடைய நாய். நாயைக் குரைக்கவைப்பது வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலா. இரண்டே சுரம், ஒரு பார் விடாமல், கடைசிவரை. அதை எப்படி வாசிக்க வேண்டும் என்று விவால்டி குறிப்பே எழுதியிருக்கிறார்: எப்போதும் மிகவும் சத்தமாக, பிய்த்து எறிகிற மாதிரி. கீழ்ச்சுருதி வாத்தியங்கள் முழுக்க மௌனம். பல குழுக்கள் அழகு கெட்டுவிடுமோ என்று நாயை அடக்கி வாசிக்கிறார்கள். அவர் எழுதியபடி வாசித்தால்தான் அந்தத் தூக்கம் எவ்வளவு ஆழமானது என்று தெரிகிறது. இவ்வளவு குரைத்தும் அவன் எழுந்திருக்கவில்லையே.

இதை என் மகளுக்கு ஒருநாள் போட்டுக் காட்டினேன். “அப்பா, அந்த நாய்க்குப் பசிக்குதா?” என்று கேட்டாள். “இல்லடா, காவல் காக்குது.” கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “அப்ப சரி” என்றாள்.

ஓபரா என்கிற இசை நாடகத்தில் அவருடைய வாழ்க்கை தனி உலகம். 94 ஓபரா எழுதியதாக அவரே ஒரு கடிதத்தில் சொல்கிறார். இன்றைக்கு அடையாளம் தெரிவது அதில் பாதியளவுதான், முழுசாகக் கிடைப்பது இருபது சொச்சம். நாடக ஆசிரியர் கோல்தோனி இளைஞராக இருந்தபோது 1735இல் அவரைப் பார்க்கப் போன காட்சியை நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். கையில் ஜெபப் புத்தகத்தோடு, வாய்க்குள் ஜெபம் முணுமுணுத்தபடி, இந்தப் பையனால் என்ன ஆகும் என்ற மாதிரி பேசுகிறார் விவால்டி. கோல்தோனி அங்கேயே உட்கார்ந்து கேட்ட பாடலை எழுதிக் கொடுக்கிறார். படித்ததும் ஜெபப் புத்தகத்தை ஒரு பக்கம் போட்டுவிட்டு அவரைக் கட்டிக்கொள்கிறார், பாடகி ஆன்னா ஜிரோவைக் கூப்பிட்டுக் காட்டுகிறார். அந்த ஜிரோவோடு கொண்ட நட்பும், பூசை வைக்காததும் சேர்ந்துதான் பின்னால் வினையாயிற்று. 1737இல் ஃபெர்ராரா நகருக்குள் வரக் கூடாது என்று கார்டினல் ருஃப்போ தடுத்துவிட்டார். அங்கே நடத்தவிருந்த ஓபராவில் பணம் முடங்கியது. முதலில் சொன்னேனே நெஞ்சு இறுக்கக் கடிதம், அது இந்த நெருக்கடியில் எழுதியதுதான்.

1733இல் அவரைச் சந்தித்த ஓர் ஆங்கிலேயரிடம், இனிமேல் இசையை அச்சில் கொடுக்கப் போவதில்லை, கையெழுத்துப் பிரதியாகவே ஒவ்வொன்றாக விற்றால் லாபம் அதிகம் என்று சொல்லியிருக்கிறார். அன்றைய கணக்குக்கு அது சரியான முடிவுதான். ஆனால் அச்சேறாதது எல்லாம் ஒரே ஒரு காகிதக் கட்டில் மட்டும் தங்கிப்போனது.

வெனிஸில் மோஸ்தர் மாறியது. நேப்பிள்ஸ் பாணி வந்துவிட்டது. 1740இல், 62 வயதில், அவர் வியன்னாவுக்குக் கிளம்பினார். போவதற்கு முன் பியெத்தாவுக்கு 20 கன்செர்ட்டோக்களை 70 டுக்காட் சொச்சத்துக்கு விற்றார். முன்னொரு காலத்தில் தன்னோடு நாள்கணக்காகப் பேசிய பேரரசர் ஆறாம் சார்லஸ் ஆதரிப்பார் என்று எதிர்பார்த்திருக்கலாம். அந்த ஆண்டு அக்டோபரில் பேரரசர் இறந்துபோனார். துக்கத்தில் நாடக அரங்குகள் மூடப்பட்டன. 1741 ஜூன் 28 அன்று, ஒரு பிரபுவுக்குச் சில கன்செர்ட்டோக்களை 12 ஃப்ளோரினுக்கு விற்றுக் கையெழுத்திட்ட ரசீது இருக்கிறது. சரியாக ஒரு மாதம் கழித்து, ஜூலை 28 அன்று, அவரை அடக்கம் செய்தார்கள். சேணம் செய்பவர் ஒருவரின் விதவைக்குச் சொந்தமான வீட்டில் தங்கியிருந்தபோது, உள் அழற்சி கண்டு இறந்தார் என்கிறது பதிவேடு. சவ அடக்கச் செலவு 19 ஃப்ளோரின் 45 க்ராய்ட்சர். சின்ன மணி அடித்தார்கள். கார்ல் தேவாலயத்துக்குப் பக்கத்தில் இருந்த ஏழைகளுக்கான மருத்துவமனை இடுகாடு இன்றில்லை. அங்கே தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் நிற்கிறது. அந்தத் தேவாலயத்துக்குள் இன்று வாராவாரம் ‘நான்கு பருவங்கள்’ வாசிக்கிறார்கள்.

பிறகு கிட்டத்தட்ட இருநூறு ஆண்டுகள் அவர் இல்லாமலே போனார். பாக்கின் வாழ்க்கையை எழுதியவர்கள் மட்டும், பாக் இவரிடமிருந்து கற்றுக்கொண்டார் என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்தார்கள். எவ்வளவு மறந்துபோனார்கள் என்றால், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வயலின் மேதை ஃப்ரிட்ஸ் க்ரைஸ்லர் தானே ஒரு கன்செர்ட்டோ எழுதி, விவால்டியுடையது என்று வாசித்தார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 1935இல் அவரே ஒப்புக்கொண்ட பிறகுதான் தெரிந்தது. சந்தேகப்பட வேண்டுமென்றால் நிஜ விவால்டி எப்படி இருப்பார் என்று தெரிந்திருக்க வேண்டுமே.

1926 இலையுதிர்காலத்தில் வட இத்தாலியில், போர்கோ சான் மார்த்தீனோ என்ற ஊரிலிருந்த சலேசியப் பாதிரியார்களின் பள்ளி ஒன்றில் கட்டட ரிப்பேருக்குப் பணம் தேவைப்பட்டது. தங்களிடம் இருந்த பழைய இசைப் பிரதிகளை விற்கலாமா என்று டூரின் தேசிய நூலகத்திடம் விலை கேட்டார்கள். நூலகத்தின் இயக்குநர் லூயிஜி தோர்ரி, பல்கலைக்கழகத்தில் இசை வரலாறு கற்பித்த அல்பெர்த்தோ ஜென்தீலியைப் பார்க்கச் சொன்னார். பெட்டிகளைத் திறந்து பார்த்தால் 97 தொகுதிகள். அதில் 14 விவால்டி. பெரும்பாலும் அவருடைய சொந்தக் கையெழுத்தில், அடித்துத் திருத்திய கோடுகளோடு.

நூலகத்திடம் பணம் இல்லை. விஷயம் வெளியே தெரிந்தால் வியாபாரிகள் வந்து பிரித்து விற்றுவிடுவார்கள். ஜென்தீலி ரகசியமாக ஆள் தேடினார். டூரினில் பங்கு வணிகம் செய்துகொண்டிருந்த ரொபெர்த்தோ ஃபோவா முன்வந்தார். அவருடைய மகன் மௌரோ கைக்குழந்தையாகவே இறந்திருந்தான். அந்தக் குழந்தையின் பெயரால் 1927இல் முழுத் தொகுப்பையும் வாங்கி நூலகத்துக்குக் கொடுத்தார்.

அப்புறம் ஜென்தீலி உட்கார்ந்து தொகுதிகளின் எண்களைப் பார்க்கிறார். எண்கள் விட்டு விட்டுப் போகின்றன. ஒரே படைப்பு இங்கே தொடங்கி வேறு எங்கோ முடிய வேண்டியிருக்கிறது. கையில் இருப்பது பாதிதான். வெனிஸில் பேரரசின் தூதராக இருந்த ஜாக்கொமோ துராத்சோ என்ற ஜெனோவா பிரபு 18ஆம் நூற்றாண்டில் சேர்த்த தொகுப்பு அது. அந்தக் குடும்பத்தில் பின்னால் அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினை நடந்தபோது, வீட்டையும் நிலத்தையும் பிரிக்கிற மாதிரி இந்தப் புத்தகங்களையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்திருக்கிறார்கள். மறு பாதி ஜெனோவாவில் ஒரு வயதான பிரபுவிடம் இருந்தது. அவரைச் சம்மதிக்கவைக்கவே வெகுகாலம் ஆயிற்று. மறுபடி பணம் தேட வேண்டும். இம்முறை வந்தவர் ஃபிலிப்போ ஜொர்தானோ, துணி ஆலை நடத்தியவர். அவருடைய மகன் ரென்சோவும் சின்ன வயதிலேயே போய்விட்டான். 1930இல் அந்தப் பையனின் பெயரால் மறு பாதி டூரினுக்கு வந்து சேர்ந்தது. இரண்டு பாதியும் சேர்த்து 27 விவால்டி தொகுதிகள். சுமார் 450 படைப்புகள்.

இதை முதன்முதலில் படித்தபோது ராத்திரி பதினொன்றிருக்கும். பக்கத்தில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். லேப்டாப்பை மூடிவிட்டு அவள் முதுகில் கையை வைத்து மூச்சைப் பார்த்தேன். சீராக இருந்தது. பெற்றவர்கள் விட்டுப் போன பிள்ளைகள் வாசித்த இசை அது. பிள்ளையைப் பறிகொடுத்த இரண்டு அப்பாக்கள் வந்து அதை வாங்கிச் சேர்த்திருக்கிறார்கள். இப்படி யாராவது கதையாக எழுதியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

ஜென்தீலிக்கு நல்லது நடக்கவில்லை. அவர் யூதர். 1938இல் இத்தாலியில் இனச் சட்டங்கள் வந்ததும் பல்கலைக்கழக வேலை போயிற்று. 1939 செப்டம்பரில் சியெனா நகரில் இசையமைப்பாளர் அல்ஃப்ரேதோ கசெல்லா தலைமையில் விவால்டி வாரம் நடந்தது. சுமார் இரண்டு நூற்றாண்டுக்குப் பிறகு அவருடைய ‘குளோரியா’ என்ற சமய இசை அங்கேதான் மறுபடி ஒலித்தது. பெட்டிகளைத் திறந்து முதலில் பார்த்த மனிதருக்கு அங்கே இடம் இல்லை. உலகப் போர் அப்போதுதான் தொடங்கியிருந்தது.

போர் முடிந்த பிறகு 1947இல் அந்தோனியோ ஃபான்னா ஒரு நிறுவனம் தொடங்கி, எல்லா வாத்திய இசையையும் அச்சிட வேலையை ஆரம்பித்தார். அதே ஆண்டு டிசம்பரில் வயலின் கலைஞர் லூயி காஃப்மன் நியூயார்க்கில் ‘நான்கு பருவங்கள்’ இசைத்தட்டைப் பதிவு செய்தார். 1955இல் இ மூசிச்சி குழுவின் பதிவு வந்தது. அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். தேடல் இன்னும் ஓயவில்லை. 2005இல்கூட ட்ரெஸ்டன் நூலகத்தில் கலுப்பி என்ற வேறொருவர் பெயரில் கிடந்த ‘தீக்ஸித் தோமினுஸ்’ என்ற சமய இசை விவால்டியுடையது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஜானிஸ் ஸ்டாக்கிக்ட் கண்டுபிடித்தார்.

டூரினில் அந்தப் பிரதிகளின் அடையாள எண்கள் இன்றும் ‘ஃபோவா’, ‘ஜொர்தானோ’ என்றுதான் தொடங்குகின்றன. அவற்றிலிருந்து விவால்டியின் எந்தக் கன்செர்ட்டோவைப் பதிப்பிக்கிறவரும், எந்தக் கையெழுத்தைப் பார்த்தேன் என்று எழுதும்போது அந்த இரண்டு குடும்பங்களில் ஒன்றின் பெயரை எழுதித்தான் ஆக வேண்டும்.

என் மகளுக்கு இப்போது பதினோரு வயது. இழுப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. நெபுலைசர் பரண்மேல் இருக்கிறது. ‘குளிர்காலம்’ இரண்டாம் பகுதியை இப்போதெல்லாம் வேகமாக வாசிக்கிறார்கள், ஒன்றேகால் நிமிடத்தில்கூட முடித்துவிடுகிறார்கள். விவால்டி காலத்தில் அப்படித்தான் இருந்திருக்கும் என்று வாதிடுகிறார்கள், இருக்கலாம். நான் மெதுவாக வாசிக்கிற பழைய பதிவைத்தான் கேட்கிறேன்.

வெனிஸ் இசைக் கல்லூரி நூலகத்தில் ஒரு நோட்டு இருக்கிறது. ஆன்னா மரியாவின் நோட்டு. 30க்கும் மேற்பட்ட கன்செர்ட்டோக்கள், பெரும்பாலும் விவால்டி எழுதியவை, ஆனால் அவளுடைய வயலின் வரி மட்டும். அவற்றில் பலவற்றுக்கு மற்ற வாத்தியங்களின் பகுதிகள் டூரினிலோ வேறெங்கோ கிடைத்துவிட்டன. சிலவற்றுக்குக் கிடைக்கவில்லை. அவள் வாசித்தது இருக்கிறது. சுற்றி உட்கார்ந்து கூட வாசித்தவர்களுடையது இல்லை. அந்தச் சில கன்செர்ட்டோக்களுக்கு மறு பாதி இன்னும் வந்து சேரவில்லை.